வேலியும் மென்சவ்வும்

"ஐயா, கலமென்சவ்வு எண்டால் என்ன?"

சென்ற தை மாதத்தில் ஒருநாள் மாலை, எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் மாணவி ஒருத்தி என் வீட்டுத் திண்ணையில் வந்திருந்து இவ்வாறு கேட்டாள். உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்பவள், கெட்டிக்காரி. பகலிற் பாடசாலையிலும் வார இறுதியிற் கீழைத்தேயக் கல்லூரியிலும் இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனிடம் இவ்வினா வருவானேன் என்று வியந்தேன். "உங்கள் ஆசிரியர் சொல்லித் தரவில்லையா?" என்றேன்.

"சொல்லித் தந்தவர். பாடமாக்கியும் போட்டன். ஆனால் விளங்கேல்லை, ஐயா" என்றாள். பின்பு, நான் கேளாமலே, ஒரே மூச்சில் ஒப்புவித்தாள்: பொசுபோலிப்பிட்டு இருபடை, அதிலே பதிந்த புரதங்கள், கொலஸ்திரோல், காபோவைதரேற்றுச் சங்கிலிகள், பாய்மச் சித்திர மாதிரியுரு. ஒரு சொல்லும் பிழையில்லை. பரீட்சைத் தாளில் எழுதினால் முழுப் புள்ளியும் கிடைக்கும். பொருள் மாத்திரம் அவளுக்குக் கிட்டவில்லை. தமிழிலே எழுதப்பட்ட பாடம் தமிழ்ப் பிள்ளைக்கு விளங்கவில்லையென்றால், அந்தப் பழியிற் பாதி தமிழாசிரியனாகிய எனக்கும் உரியதன்றோ?

சொல் என் தொழில். ஆகவே சொல்லிலே தொடங்கினேன். கலமென்சவ்வு: கலத்தினது மென்சவ்வு என விரியும் ஆறாம் வேற்றுமைத்தொகை. மென்சவ்வு: மென்மையாகிய சவ்வு எனப் பண்புத்தொகை. கலம் என்பது பாத்திரம். தமிழ்நாட்டார் செல் என்றும் உயிரணு என்றும் வழங்குவதை இலங்கையில் நாம் கலம் என்கிறோம். இலக்கணம் இவ்வளவில் முடிந்தது; பொருள் அப்படியே எஞ்சி நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். உவமை ஒன்று சொல்லித் தப்பலாம் என்று எண்ணி, "எங்கள் வளவைச் சுற்றி வேலி இருக்கிறதல்லவா? கலத்தைச் சுற்றிய வேலியே கலமென்சவ்வு" என்றேன்.

அவள் மரியாதையாகத்தான் கேட்டாள்: "அப்ப, கலச்சுவருக்கும் மென்சவ்வுக்கும் என்ன வித்தியாசம், ஐயா?"

எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாள், நான் படிப்பிக்கும் பாடசாலையின் ஆய்வுகூடத்துள் நுழைந்தேன். ஆண்டுக்கணக்காக அதன் வாசலைக் கடந்து போயிருக்கிறேன். உள்ளே கால் வைத்தது அன்றுதான். விஞ்ஞான ஆசிரியர் என்னிலும் மிக இளையவர். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டு, ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்தார். நமது தோட்டங்களில் விளையும் சிவப்பு வெங்காயமேதான். அதன் உரியிலிருந்து சிவந்த மேற்றோலை நகக்கண்ணளவு உரித்து, கண்ணாடி வழுக்கியில் ஒருதுளி நீரிலிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். பார்த்தேன். செங்கல் அடுக்கியதுபோல நீண்ட அறைகள். ஒவ்வோர் அறையும் விளிம்புவரை செந்நீலச் சாறு நிறைந்து நின்றது. "இப்ப பாருங்கோ" என்று உப்புக் கரைசலில் ஒருதுளியை ஓரத்தில் விட்டார். சில நிமிடங்கள் சென்றன. செந்நீல நிறம் சுவரை விட்டு மெல்ல மெல்ல விலகிற்று. மூலைகள் முதலில் விலகின, பின்பு பக்கங்கள். ஈற்றில் அறையின் நடுவே ஓர் உருண்டை கிடந்தது. சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அசையாமல் நிற்கிறது கலச்சுவர். சுருங்கின உருண்டையின்ரை எல்லையிலை இருக்கிறது மென்சவ்வு" என்றார் அவர். உப்பு வெளியே மிகுந்தபோது உள்ளிருந்த நீர் வெளியே சென்றது. நிறமோ ஒரு சிறிதும் வெளியே வரவில்லை. நீரை விட்டு நிறத்தை மறித்த பொருள் எதுவோ அதுவே மென்சவ்வு. பின்பு உப்பை நல்ல நீராற் கழுவினார். உருண்டை மீண்டும் பருத்துச் சுவரோடு ஒட்டிற்று. வெந்நீரிலிட்டு எடுத்த வேறொரு துண்டையும் காட்டினார். அதிலே நிறம் எங்கும் கசிந்து பரவியிருந்தது. உப்பு விட்டும் யாதொரு மாற்றமும் இல்லை. சுவர் அப்படியே இருக்கவும் கலம் இறந்துபோயிற்று. உயிர் இருந்தது சுவரிலன்று.

இக்காட்சியை வலிகாமத்துத் தோட்டக்காரர் நுணுக்குக்காட்டி இன்றியே கண்டிருக்கிறார்கள். வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லினுள்ளே கடல்நீரின்மேல் மிதந்து கிடக்கும் நன்னீரே நமது கிணற்று நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். அந்த நீர் பாய்ந்த பாத்தியில் ஈரம் இருக்கவே பயிர் வாடும். வெங்காயத் தாளின் நுனி கருகும். மண்ணிலே நீர் உண்டு. வேரின் மென்சவ்வினூடாக அஃது உட்செல்லும் வலுவைத்தான் உப்பு குறைத்துவிடுகிறது.

இனி, இந்தச் சவ்வு எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லல் வேண்டும். சவ்வு என்றவுடன் முட்டையோட்டின் உட்புறத்து வெண்படலமோ, வாயில் வழுவழுக்கும் சவ்வரிசியோ நம் நினைவுக்கு வரும். அவை கண்ணுக்குத் தெரிவன. கலமென்சவ்வின் தடிப்போ, ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அக்கூறுகளில் ஏழெட்டு. அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள பனையோலை ஏடு ஒன்றின் தடிப்பை நிரப்ப, ஏறத்தாழ 65,000 மென்சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். வெங்காயத்தில் நான் கண்டது சவ்வின் எல்லையையே, சவ்வை அன்று.

காணமுடியாத ஒன்றை எப்படி அறிந்தார்கள்? 1890களிற் சூரிச் நகரில் ஆராய்ந்த ஓவர்ட்டன் என்பவர், எண்ணெயில் எளிதிற் கரையும் பொருள்கள் கலத்தினுள்ளும் எளிதிற் புகுவதைக் கண்டார். எண்ணெயினத்தது ஏதோ ஒன்று கலத்தைப் போர்த்திருத்தல் வேண்டும் என்பது அவர் அனுமானம். புகை கண்டு நெருப்பறியும் தருக்கம் நமக்குப் புதிதன்று. 1925இல் ஒல்லாந்து நாட்டு லைடன் நகரில் கோட்டர், கிறென்டல் என்னும் இருவர் ஓரடி முன்சென்றனர். இவருள் கோட்டர் குழந்தை மருத்துவர். பாலூட்டிகளின் செங்குருதிக் கலத்துக்குக் கருவில்லை. உள்ளறைச் சவ்வுகளும் இல்லை. ஆகவே அதிலிருந்து பிரித்தெடுக்கும் கொழுப்பு முழுவதும் புறச்சவ்வுக்கே உரியது. அக்கொழுப்பை நீர்ப்பரப்பில் ஒற்றைப் படையாகப் பரப்பி அளந்தபோது, அது கலங்களின் மேற்பரப்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு இடத்தை மூடிற்று. ஆகவே சவ்வு ஈரடுக்கு. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. அவர்கள் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. கலத்தின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, விடை சரியாயிற்று! என் மாணவர் இப்படி எழுதினால் நான் புள்ளி கொடேன்.

ஈரடுக்கு ஏன்? இங்கேதான் நமது கலைச்சொற்கள் தம் அழகைக் காட்டுகின்றன. பொசுபோலிப்பிட்டு என்னும் மூலக்கூற்றுக்கு ஒரு தலையும் இரண்டு வாலும் உண்டு. தலை நீர்நாட்டம் உடையது; வால்கள் நீர்வெறுப்பு உடையன. ஓருடலில் இரண்டு இயல்பு. உள்ளும் புறமும் நீர் சூழ்ந்தவிடத்து இவை என்செய்யும்? தலைகள் இருபுறத்து நீரையும் நோக்கி நிற்க, வால்கள் நடுவிலே ஒன்றையொன்று தேடி ஒதுங்கும். ஒருவரும் கட்டாமலே, ஆணியும் கயிறும் இன்றி, இருபடை தானே அமைந்துவிடுகிறது. கிழிந்தாலும் பெரும்பாலும் தானே கூடிக்கொள்ளும். நம் வேலியோ ஆண்டுதோறும் அடைக்கப்பட வேண்டியது. கதியால் நாட்டி, கிடுகு வைத்து, வரிச்சுக் கட்டி முடிப்பதற்குள் முதுகு முறிந்துவிடும். என் உவமைக்கு இது முதற் தோல்வி.

இரண்டாந் தோல்வி இன்னும் பெரியது. வேலி நின்ற இடத்தில் நிற்கும், மென்சவ்வு நில்லாது. அதன் மூலக்கூறுகள் தம் படையினுள்ளே ஓயாது இடம்மாறிக்கொண்டிருக்கின்றன. 1970இல் ஃபிறை, எடிடின் என்னும் இருவர் எலிக் கலம் ஒன்றையும் மனிதக் கலம் ஒன்றையும் ஒன்றாக இணைத்தனர். ஒன்றன் புரதங்களுக்குப் பச்சை ஒளியும் மற்றதன் புரதங்களுக்குச் சிவப்பு ஒளியும் ஊட்டியிருந்தார்கள். முதலிற் பாதி பச்சை, பாதி சிவப்பு. உடற்சூட்டில் நாற்பது நிமிடம் வைத்தபோது இரண்டு நிறமும் எங்கும் கலந்துவிட்டன. இரண்டு ஆண்டின் பின், 1972இல், சிங்கர், நிக்கல்சன் ஆகிய இருவரும் இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு மாதிரியுருவை வெளியிட்டனர். அதுவே மாணவி ஒப்புவித்த பாய்மச் சித்திர மாதிரியுரு. சித்திரம் என்ற சொல்லிலேதான் எனக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. சுவரிலே தொங்கும் அசையாப் படத்தை அது நினைப்பிக்கிறது. வாயகன்ற பாத்திரத்து நீரில் மலர்களை மிதக்கவிட்டு வாசலில் வைப்போமே, அதனை நினைத்தல் நன்று. ஆயினும் சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பழகிய சொல்லுக்கு விளக்கம் போதும்.

இந்தப் பாய்மை எப்படிக் காக்கப்படுகிறது என்பதை நமது அடுக்களையிலே காணலாம். மார்கழிப் பனியிலே தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் உறைந்துவிடும். பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய் உறையாது. தேங்காயெண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நேரானவை. நெருங்கி அடுங்கிக் கட்டியாகும். நல்லெண்ணெயின் வால்களிற் பலவற்றில் வளைவு உண்டு, நெருங்க மாட்டா. மென்சவ்விலும் வளைந்த வால்கள் விரவி நின்று அதனை உறையவிடாது காக்கின்றன. விலங்குக் கலங்களிற் கொலஸ்திரோலும் இடையிடையே நிற்கிறது. சூட்டில் மிக இளகாமலும் குளிரில் இறுகாமலும் நடுவுநிலை செய்வது அதன் தொழில். வைத்தியர் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தும் அந்தப் பொருள் இல்லாவிடின் நம் கலங்கள் நிலைக்கமாட்டா.

மணியம் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் அலசிக்கொண்டிருக்கையில் ஒன்று உறுத்திற்று. இப்பேர்ப்பட்ட அறிவைத் தமிழிற் சொல்லும் முயற்சி இந்த மண்ணிலே புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்தார். அவரும் அவர் மாணவரும் மொழிபெயர்த்த உடற்றொழில் நூலாகிய மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். ஓவர்ட்டன் தம் ஆராய்ச்சியைத் தொடங்க இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. கிறீன் பெயர்த்த நூல்களில் இன்றைய மென்சவ்வைத் தேடிப் பயனில்லை. உலகமே அறியாத பொருளுக்கு அவர் எங்ஙனம் சொல் ஆக்குவார்? பின்வந்தோர் ஆக்கினர். ஆனால் கிறீன் தம் மாணவரை நோயாளியின் படுக்கையருகே நிறுத்திச் சொல்லையும் பொருளையும் ஒருங்கே காட்டினார். நாம் சொல்லைக் கொடுத்துவிட்டுப் பொருளைப் பரீட்சைக்குப் பிந்திய காலத்துக்கு ஒத்திவைக்கிறோம்.

அன்றிரவு மாணவி மீண்டும் வந்தபோது என் வேலியை நான் கைவிடவில்லை, திருத்திக்கொண்டேன். வேலியில் எனக்கு வேண்டியது கிடுகன்று, வழிகள். நமது வேலிகளில் எத்தனை வகை வழி! வண்டில் வரப் படலை. ஆள் நுழைய, மாடு நுழையாதபடி அமைத்த கடப்பு. அயல்வீட்டுக்காரி நெருப்பெடுக்கவும் கதைபேசவும் வந்துபோகும் பொட்டு. மென்சவ்விலே இவ்வழிகளாய் நிற்பவை புரதங்கள். ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் கொழுப்பினூடே தாமே நுழைந்துவிடும். நீருக்குத் தனிப் பொட்டு உண்டு. பீற்றர் ஆகர் என்பவர் 1992இல் அதனை இனங்கண்டு 2003இல் நோபல் பரிசு பெற்றார். அதிலே நீர் ஒற்றை வரிசையாகச் செல்லும். செக்கனுக்கு நூற்றுக்கோடிக் கணக்கான மூலக்கூறுகள். ஆயினும் உப்பின் அயன் ஒன்றுதானும் அவ்வழியே போகாது. புரதங்களுட் சிலவும் கொழுப்புகளுட் சிலவும் வெளிப்புறத்தே வெல்லச் சங்கிலிகளைத் தாங்கி நிற்கும். நம் குருதி ஏ இனமா, பீ இனமா என்பது செங்கலத்தின்மேல் நிற்கும் அச்சங்கிலியின் ஈற்று வெல்லம் எதுவென்பதைப் பொறுத்தது. குலங்கோத்திரம் விசாரிக்கும் ஊருக்கு இது நல்ல செய்தி: வேற்று வீட்டுக் குருதி பொருந்துவதும் சொந்தத் தமையன் குருதி பொருந்தாதுபோவதும் ஒரு வெல்லத்தின் செயல்.

வழிகளிலெல்லாம் விசித்திரமானது பம்பு. 1957இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்கோ என்பவர் நண்டுக் கால்களின் நரம்பை அரைத்து ஆராய்ந்து இதனைக் கண்டறிந்தார். நண்டுக்குப் பேர்போன ஊரிலே நாம் அதனைக் குழம்பாக்கினோம். அவருக்கு அது 1997இல் நோபல் பரிசாயிற்று. இந்தப் புரதம் சத்தியைச் செலவழித்து மூன்று சோடியம் அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது, கணந்தோறும் எடுக்கிறது. அதனால் உள்ளே சோடியம் எப்பொழுதும் குறைவு. வெளியிலிருந்து உட்புக அது துடித்துக்கொண்டே நிற்கும். துடித்தாலும் படலை திறக்கவேண்டுமே. சிறுகுடற் கலங்களின் மென்சவ்வில் ஒரு படலை இருக்கிறது. சோடியம் தனியே வந்தால் அது திறவாது. குளுக்கோசு தனியே வந்தாலும் திறவாது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் கூடி வந்தால் இரண்டையும் உள்ளே விடும், நீர் பின்தொடரும். 1960இல் கிறேன் என்பவர் இதனை முதலில் எடுத்துரைத்தார்.

மாணவி குறிப்புப் புத்தகத்தைத் திருப்பி இதனைப் படமாக வரைந்து காட்டியபோது, நான் பேச்சை நிறுத்திவிட்டேன். என் மனம் 1995க்குப் போயிற்று.

அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்ற சனத்துள் நாங்களும் ஒருவர். தமக்கையின் கையில் எட்டு மாதக் குழந்தை. பாடசாலைக் கட்டடம் ஒன்றில் ஒதுங்கினோம். ஒரு வாரத்துள் குழந்தைக்கு வயிற்றோட்டம். கண் குழிந்து, நாவரண்டு, அழவும் மாட்டாது கிடந்தது. கிழவிமார் சிலர் தண்ணீர் கொடுக்கவேண்டாம் என்றனர். அங்கே வந்த மருத்துவிச்சி அம்மா ஒருவர், உப்பும் சீனியும் கலந்த நீரைக் கரண்டியாற் பருக்கும்படி சொல்லி, அளவும் சொல்லிப் போனார்: கொதித்தாறிய நீர் ஒரு இலீற்றர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

கலக்கும் வேலை எனது. சீனி அருமையாயிருந்த காலம்; முகாமிலே அது பொன்னுக்குச் சமம். நானோ பண்டிதப் பரீட்சை எழுதிய இளமைச் செருக்குடையவன். சீனி ருசிக்காகத்தானே, குழந்தை உப்பு நீரைக் குடிக்கிறதே, பின் என்ன என்று முடிவுகட்டி உப்பை மாத்திரம் கரைத்துப் பருக்கினேன். மாலையாயிற்று. குடித்ததெல்லாம் போய்க்கொண்டிருந்தது. குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளினால் அது கிள்ளியபடியே நின்றது. இருட்டும் வேளையில் அந்த அம்மா மீண்டும் வந்து, கிண்ணத்தில் விரல் தோய்த்து நாவில் வைத்தார்.

"தம்பி, இதிலை சீனி போட்டனீரோ?"

நான் பேசவில்லை.

"சீனி ருசிக்கில்லை, தம்பி. சீனி இல்லாட்டி உப்பு உள்ளை போகாது. உப்புப் போகாட்டித் தண்ணியும் போகாது."

அவர் தம் பையிலிருந்து கடதாசிச் சரை ஒன்றை எடுத்து அவிழ்த்தார். உள்ளே சீனி. தாமே அளந்து கலந்து, தமக்கையின் அருகே இருந்து, இரவு முழுவதும் கரண்டி கரண்டியாகப் பருக்கினார். விடியற்புறத்தில் குழந்தை சிறுநீர் கழித்தது. அப்பொழுதுதான் அவர் எழுந்தார்.

நாம் இடும் சீனி குடலிலே பிளவுபட்டுக் குளுக்கோசைத் தருகிறது. அரிசிக் கஞ்சியின் மாப்பொருளும் அவ்வாறே. கஞ்சியில் உப்பிட்டுக் கொடுத்த நம் பாட்டிமார் காரணம் அறியாமலே அந்தப் படலையைத் திறந்தவர்கள். வாந்திபேதியின் நஞ்சு குடற் கலத்தின் வேறொரு வழியைத் திறந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்யும். ஆனால் சோடியமும் குளுக்கோசும் கூடிப் புகும் இப்படலையை அது அடைப்பதில்லை. 1971இல் வங்கத்துப் போரினால் எல்லை கடந்தோர் தங்கிய பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவி, ஊசியால் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்த உப்பையும் வெல்லத்தையும் கரைத்து உறவினர் கையிலேயே கொடுத்துப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நாலுக்குக் கீழ் இறங்கிற்று. கடையிலே நாம் வாங்கும் ஜீவனி அந்த வழியில் வந்ததுதான்.

என் தமக்கையின் மகள் இப்பொழுது முப்பது வயதைக் கடந்தவள். தானும் ஒரு குழந்தைக்குத் தாய். சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். மாணவி விட்டுச்சென்ற படத்தை விரித்து வைத்து, தலையும் வாலும், பொட்டும் படலையும் எல்லாம் காட்டி, அன்று நான் செய்த பிழையையும் முதன்முறையாக அவளுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவில் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தச் சீனி ஆற்றை, மாமா?"

"அந்த அம்மாவின்ரை."

"அவவின்ரை பேர் என்ன?"

நாங்கள் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.